மழையில் நனையாத வரைபடம்

கேள்வி: சியாட்டிலை அடுத்த பெல்வியூவில் வசிக்கிறோம். மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. பந்து விளையாட்டு எதிலும் நாட்டம் இல்லாதவன், இந்தக் குளிர்காலத்தில் பள்ளிகளுக்கான ஓரியன்டீரிங் (வரைபடமும் திசைகாட்டியும் வைத்து, பூங்காவிலும் காட்டிலும் நட்டிருக்கும் கொடிகளைத் தேடி ஓடும் விளையாட்டு) லீக்கில் சேர்ந்திருக்கிறான். முதல் சனிக்கிழமை நானும் கூடவே போனேன். நல்ல மழை, அதனால் வரைபடத்தை நான் வைத்துக்கொண்டேன். எல்லாக் கொடிகளையும் கண்டுபிடித்து 40 நிமிடத்தில் முடித்தான். அடுத்த போட்டிக்குத் தனியாக அனுப்பினேன். தவறான கொடியில் பதிவு செய்துவிட்டதால் தகுதி நீக்கம். வீடு வரும்வரை காரில் அழுதான். இது அவனுக்கு ஒத்துவராதோ? விலை உயர்ந்த திசைகாட்டி வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா? காட்டில் தொலைந்துபோனால் என்ன செய்வது? பேசாமல் செஸ் வகுப்புக்கே திருப்பி அனுப்பிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய், பெல்வியூ

பதில்: அந்த வரைபடம் நனையாது, அம்மணி. தண்ணீர் பட்டாலும் கிழியாத தாளில் அச்சடிப்பார்கள், அல்லது பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுப்பார்கள். சியாட்டிலில் குளிர்காலம் என்றால் மழை என்பது லீக்கை நடத்தும் கேஸ்கேட் ஓரியன்டீரிங் கிளப்புக்குத் தெரியாதா? என் மகள் வீடும் அந்தப் பக்கம்தான். இரண்டு குளிர்காலம் பேத்தியின் போட்டிகளுக்குப் போய், முடிவுக் கோட்டருகே குடையும் பிளாஸ்க் காபியுமாக நின்றவள் நான். தெப்பமாக நனைந்த தாய் தகப்பன்மாரை நிறையப் பார்த்தேன். நனைந்து வீணான வரைபடம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில், போகிற போக்கில் எழுதிய அந்த மழை வரியிலேயே இருக்கிறது. வரைபடம் உங்கள் கையில் இருந்தது என்றால், முதல் சனிக்கிழமை ஓரியன்டீரிங் செய்தவர் நீங்கள். அவன் அம்மாவோடு பூங்காவைச் சுற்றி வந்தான், கொடி வந்த இடத்தில் விரலில் மாட்டியிருந்த மின்னணுக் குச்சியை அங்கிருக்கும் பதிவுப் பெட்டிக்குள் நுழைத்தான், அவ்வளவுதான். அந்த 40 நிமிடம் உங்கள் கணக்கு. அவனுடைய முதல் போட்டி இரண்டாவது சனிக்கிழமை நடந்தது. முதல் போட்டியில் ஒரு பிழை செய்த பிள்ளையைப் பார்த்து 'ஒத்துவராதோ' என்று கேட்கிறீர்கள்.

இதே கடிதம் எனக்கு நீச்சல் குளத்திலிருந்து வந்திருக்கிறது, வீணை வகுப்பிலிருந்தும் வந்திருக்கிறது. பிள்ளையின் கையிலிருந்து எதையோ வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்ட தாய் எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறாள். காரணம் மட்டும் மாறும். உங்களுக்கு மழை.

1919இல் ஸ்டாக்ஹோம் அருகே எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற சாரணர் தலைவர் இந்த விளையாட்டைப் பெரிய அளவில் நடத்தினார். வெறும் ஓட்டத்தில் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்பதுதான் அவருடைய கவலை. அதற்கு அவர் கண்ட வழி, வரைபடத்தையும் திசைகாட்டியையும் அவர்கள் கையில் கொடுத்துக் காட்டுக்குள் ஓடவிட்டது. நீங்கள் பிடுங்கிக்கொண்டது அதைத்தான்.

அவன் ஏன் தவறினான் என்று கேட்டீர்களா? அழுகையை நிறுத்தத்தான் பார்த்திருப்பீர்கள். நான் ஊகித்துச் சொல்கிறேன். பள்ளி வரைபடத்தில் பச்சை என்றால் காடு. இந்த வரைபடத்தில் தடையின்றி ஓடக்கூடிய காடு வெள்ளை நிறத்தில் இருக்கும், திறந்தவெளி மஞ்சள். பச்சை அடர அடரப் புதரும் அடரும், கரும்பச்சையில் நுழைந்தால் கறுப்புப் பெர்ரி முள் காலைக் கிழிக்கும் (முழுக்கால் உடை போட்டு அனுப்புங்கள்). இதை ஒருவன் தன் கண்ணால் வரைபடத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துத்தான் பழக முடியும். அடுத்தது, ஒரே பூங்காவில் சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனிப் பாதைகள் இருக்கும், எல்லோருக்கும் அதே ஆரஞ்சு வெள்ளைக் கொடிதான். கொடியைக் கண்ட மகிழ்ச்சியில் எண்ணைப் பார்க்காமல் பதிவு செய்திருப்பான். கொடியில் உள்ள எண்ணும் வரைபடத்தோடு தந்த குறிப்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். முதல் வாரம் அதைப் பார்த்தது யார்?

திசைகாட்டிக்கு வருவோம். சாதாரணமானது போதும். தொடக்கப் பாதைகள் பெரும்பாலும் நடைபாதையை ஒட்டியே போகும். வரைபடத்தின் வடக்கையும் ஊசியின் வடக்கையும் பொருத்தித் திருப்பிப் பிடிக்கவும், தான் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டே நகரவும் கற்றுக்கொண்டால் இந்த ஆண்டுக்கு வேறெதுவும் வேண்டாம்.

தொலைந்துபோவானா? போவான். எல்லோரும் போவார்கள். அதற்காகத்தான் விசில் கொடுக்கிறார்கள். வழி தெரியாவிட்டால் எந்தத் திசையில் நடந்தால் சாலை வரும் என்று கிளம்புமுன் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதியில் விட்டாலும் முடிவுக் கோட்டுக்கு வந்து பதிவு செய்தே தீர வேண்டும் என்ற விதியை அவன் மீறவே கூடாது. மீறினால் பத்துப் பேர் மழையில் அவனைத் தேடி அலைவார்கள். மற்றவரை அலையவிடாமல் இருப்பது அவன் பொறுப்பு, 12 வயதுக்கு அது அதிகம் இல்லை.

ஒன்பது வயதில் என் அம்மா என்னை உடுமலையில் பஸ் ஏற்றிப் பொள்ளாச்சிப் பாட்டி வீட்டுக்குத் தனியாக அனுப்பினாள். அவளுக்குப் பயம் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? பயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு டிக்கெட் காசை என் கையில் வைத்தாள். பிள்ளையைப் பெற்றவளின் கடமை என்று நான் நினைப்பது அதைத்தான். கூடவே போவது சுலபமான வேலை. (அவன் அப்பாவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. சனிக்கிழமை காலையில் அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் கேளுங்கள்.)

செஸ் பற்றி இந்தப் பருவம் முடியும்வரை வீட்டில் யாரும் பேச வேண்டாம். அடுத்த முறை போத்தெல் கோயிலுக்குப் போகும்போது கைபேசியை அணைத்துவிட்டு, பின் இருக்கையில் இருக்கும் அவனிடம் காகித வரைபடத்தைக் கொடுங்கள். அவன் இடப்பக்கம் என்றால் இடப்பக்கம் திரும்புங்கள், தவறென்று தெரிந்தாலும் திரும்புங்கள். அர்ச்சனைக்கு நேரமாகிவிட்டால் அம்மன் காத்திருப்பாள்.

அடுத்த போட்டியில் உங்களுக்கும் ஒரு வரைபடம் வாங்குங்கள். பெரியவர்களும் பணம் கட்டி ஓட அங்கே இடம் உண்டு. 'வெள்ளை' என்று பெயரிட்ட பாதைதான் ஆக எளிது, அதை எடுங்கள். அவன் கிளம்பிய பிறகு நீங்கள் கிளம்புங்கள், அவன் போன பக்கம் பார்க்காமல். எப்படியும் அவன்தான் முதலில் வந்து சேருவான். காபி பிளாஸ்க்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.