பாடப்புத்தகத்தில் இல்லாத, ஆனால் உங்களை அசர வைத்த ஆராய்ச்சி முடிவு எது?

என்னை அசர வைத்தது ஒரு சந்திர கிரகணக் கணக்கு. போட்ட இடம் எங்கள் புதுச்சேரி. ஆண்டு 1825.

இதில் நான் போய் விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று டிவி முழுக்க ராசிபலன் ஓடிக்கொண்டிருந்தது. காரைக்கால் பக்கம் இருக்கும் திருநள்ளாறு கோயிலோ, "எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான், பெயர்ச்சி 2026இல்தான்" என்று அறிவித்துவிட்டது. அத்தை கோயில் கட்சி. என் மனைவி டிவி கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் சனி ஒன்றுதானே, அது எப்படி இரண்டு கணக்கில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் தள்ளி வரும் என்று குடைச்சல். தேடப் போனவன் சனியை விட்டுவிட்டுச் சந்திரனிடம் மாட்டிக்கொண்டேன்.

ஜான் வாரன் என்று ஒருவர். பிரெஞ்சு வம்சம், பிரிட்டிஷ் ராணுவ வேலை, சில வருஷம் சென்னை வானாய்வகப் பொறுப்பு. கடைசியில் 1830இல் புதுச்சேரியில்தான் இறந்தார். நம் நாட்டு நாள் கணக்கு முறைகளைப் பற்றி 'கால சங்கலிதம்' என்ற தடிப் புத்தகத்தை 1825இல் ஆங்கிலத்தில் போட்டார். ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் கிடைக்கிறது. அதில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். வாரன் காதில் விழுந்தபடி அவர் பெயர் 'சாமி நாடன் சாஷியா'. சாமிநாதன் சேஷய்யா என்று இருந்திருக்கலாம், என் ஊகம்தான். 1825 மே 31, ஜூன் 1 இரவில் வந்த சந்திர கிரகணத்தை அவர் வாரனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏடு, எழுத்தாணி, பேப்பர் எதுவும் கிடையாது. தரையில் சோழிகளை அடுக்கி, நகர்த்தி, எடுத்து, வைத்தே முடித்துவிட்டார். அட்டவணைகள் எல்லாம் மனப்பாடம். (சோழி என்றதும் பிரசன்னம் பார்ப்பது ஞாபகம் வரும். இது அதில்லை. இங்கே சோழி வெறும் எண்.)

சரி, கணக்கு எவ்வளவு சரியாக வந்தது? கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிஷம் பிசகு. நடுவில் 23 நிமிஷம். முடிவில் 52 நிமிஷம்.

இந்த 52ஐ வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்ப மாட்டார்கள். அவர்களுக்குப் பிடித்தது வேறு. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து வந்து, 1769இல் சரியாக அந்த நேரம் புதுச்சேரி வானத்தில் மேகம் மூடி ஏமாந்தாரே, லெ ஜான்தி, அவர் எழுதி வைத்த கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ் முறை 41 விநாடி குறைத்துச் சொன்னது, ஐரோப்பாவில் அப்போது பெயர் பெற்றிருந்த மாயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. நாம் ஜெயித்துவிட்டோம் என்று ஃபார்வர்டு வரும். இரண்டும் உண்மை, 41 விநாடியும் 52 நிமிஷமும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் கையை விட்டுப் போய்விடும்.

அந்த விஷயத்தைப் பிடித்தவர் ஓட்டோ நியூகபவர். பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கும் கணக்குகளைப் படித்தே வாழ்நாளைக் கழித்த கணித வரலாற்றாசிரியர். 1952இல் 'தமிழ் வானியல்' என்று ஒரு கட்டுரை எழுதினார். புதுச்சேரிச் சோழிக் கணக்கின் எலும்புக்கூட்டைப் பிரித்துப் பார்த்தபோது, கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு முந்நூறு ஆண்டு முந்தைய பாபிலோனியப் பலகைகளில் பார்த்த அதே எண்கள் அவருக்குக் கிடைத்தன. நடுவில் ரோமானியர் கால எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ், அப்புறம் 6ஆம் நூற்றாண்டு இந்திய வானியலாளர் வராகமிகிரர். நியூகபவரைப் பொறுத்தவரை எத்தனை நிமிஷம் பிசகியது என்பது முக்கியமே இல்லை. இரண்டாயிரம் வருஷச் சங்கிலியின் ஒரு முனை 1825இல் புதுச்சேரித் தரையில் உயிரோடு இருந்தது, அதுதான்.

அந்த எண்களில் தலையானது 248. சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குக் கிட்டே வந்தால் வேகம், எட்டப் போனால் மந்தம். இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று முடிய 27.55455 நாள். இதை 9ஆல் பெருக்குங்கள்: 247.99. ஆக 248 நாளைக்குச் சந்திரன் எங்கெங்கே இருக்கும் என்று தெரிந்தால் போதும், அதற்கப்புறம் அதே ஆட்டம் மறுபடியும்.

இந்த 248 நாளைக்கும் நாளுக்கொரு வாக்கியம் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதனால்தான். வரருசி செய்தது என்பார்கள். முதல் வாக்கியம் 'கீர் ந ச்ரேய'. கேட்டால் வடமொழி வாழ்த்து மாதிரி இருக்கும். ஆனால் புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்: கீ 3, ந 0, ரே 2, ய 1. வலமிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). முதல் நாள் சந்திரன் நகரும் தூரம். கடைசி, 248ஆவது வாக்கியம் 'பவேத் சுகம்', அதாவது 'சுகம் உண்டாகட்டும்': 4, 4, 7, 2. திருப்பினால் 27 பாகை 44 கலை.

எனக்குச் சந்தேகம். ஃபோனில் கால்குலேட்டரை எடுத்தேன். சந்திரனின் இன்றைய சராசரி வேகம் நாளுக்கு 13.176358 பாகை. 248ஆல் பெருக்கி, ஒன்பது முழுச் சுற்றைக் கழித்தால் 27.737 வருகிறது. கலையாக மாற்றினால் 27 பாகை 44 கலை. சாயங்காலம் ஆறரை மணி, சமையலறையில் நின்றுகொண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். அதேதான்.

உளவியல்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஜார்ஜ் மில்லர் 1956இல், மனசு ஒரே நேரத்தில் ஏழு சொச்சம் விஷயங்களைத்தான் பிடித்து வைக்கும் என்று எழுதினார். பிறகு 2001இல் நெல்சன் கவன் அதை நாலு என்று குறைத்தார். ஆனால் இது தனி எழுத்து, தனி எண்ணின் எண்ணிக்கை இல்லை, அர்த்தமுள்ள துண்டுகளின் எண்ணிக்கை. நாலு இலக்கத்தைச் சேர்த்து 'சுகம் உண்டாகட்டும்' என்று ஆக்கிவிட்டால் அது ஒரே துண்டு. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரோ கணக்கின் நடுவில் வரும் மீதிகளை மண்டையில் வைக்காமல் சோழியிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு வானியல் கோட்பாட்டில் ஒரு சொல்கூடத் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் எழுதியிருக்கிறார். கொஞ்சம் இளக்காரம்தான். ஆனால் கால்குலேட்டர் தட்டிய எனக்கு மட்டும் சந்திரனின் கோட்பாடு தெரியுமா என்ன?

அத்தை, மனைவி சண்டைக்கும் பதில் கிடைத்தது. வாக்கிய முறையில் கிரக வேகங்கள் பழைய நூல்களில் வைத்தபடியே நிற்கின்றன, சின்னப் பிசகு நூற்றாண்டுக் கணக்கில் சேர்கிறது. டிவி சொன்ன தேதி திருக்கணிதப் பஞ்சாங்கத்தினுடையது, அது இன்றைய அவதானிப்பை வைத்துத் திருத்திக்கொள்கிறது. சனி ஒரு ராசியின் 30 பாகையைக் கடக்க இரண்டரை வருஷம் எடுக்கும் நிதானமான ஆள், சராசரி மாதத்துக்கு ஒரு பாகை. ஆகவே ஒவ்வொரு பாகைப் பிசகுக்கும் ஒரு மாதம் தள்ளிப்போகும். வானத்தில் சனி எங்கே என்று கேட்டால் திருக்கணிதம்தான் சரி.

சோழிக்குப் பதில் புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி, 13 பாகை 11 கலையை 248ஆல் பெருக்க உட்கார்ந்தேன். இரண்டாவது வரிசையிலேயே எண்ணிக்கை விட்டுப்போச்சு. அத்தை வந்து நின்று பார்த்தார். பாபிலோன், பவேத் சுகம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்டா, அடுத்த வருஷம் திருநள்ளாறு போக வண்டிக்கு இப்பவே சொல்லி வச்சிடு" என்றார்.