மறுப்புக் கடிதம் வந்த பிறகும் வழி உண்டு

கேள்வி: இராணுவத்தில் ஹவில்தாராக இருந்த என் கணவர் 2021-இல் லடாக்கில் பணியில் இருந்தபோது மாரடைப்பால் இறந்தார். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்டதற்கு, நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல என்று மறுத்துக் கடிதம் வந்து ஒன்பது மாதமாகிறது. வழக்குப் போட்டுத்தர ஒரு வக்கீல் நிலுவையில் கால் பங்கு கேட்கிறார். ஆதாரில் என் பெயர் 'லெட்சுமி'. படை ஆவணத்தில் 'லட்சுமி'. நான் என்ன செய்வது?
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: கால் பங்குப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை வழக்கறிஞர் தொழில் விதிகளே தடைசெய்கின்றன. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. அது தீர்ப்பாய வழக்குகளுக்கும் பொருந்தும். இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

மறுப்புக் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று அதில் இருந்தால், தாமதத்துக்கான காரணத்தை எழுதி முதலில் அதைச் செய்யுங்கள்; அதைச் செய்யாமல் போனால், படையினர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் சாதாரணமாக மனுவை ஏற்காது. அதன் சென்னை அமர்வில் மனுச் செய்ய இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதம்தான் கெடு என்றாலும், தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. ஆனால் ஓய்வூதிய வழக்குகளில் நிலுவையைப் பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே தருகிறார்கள் என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டமே.

பணியில் இறந்தவர் குடும்பத்துக்குச் சாதாரண ஓய்வூதியம் முதல் பத்து ஆண்டுகளுக்குக் கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு. அதன்பின் 30-ஆகக் குறையும். சிறப்பு ஓய்வூதியமோ 60 விழுக்காடு. இன்று சிறிதாகத் தெரியும் வித்தியாசம் 2031-க்குப் பிறகு மூன்று மடங்காகும்.

வழக்கின் உயிர்நாடி, அவர் படையில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள். அதில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லையென்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் கூறியது. ஊனமுற்றோர் ஓய்வூதியத்தைப் பற்றிய தீர்ப்பானாலும் உங்கள் வாதத்துக்கு அது உதவும். அந்தத் தாளையும் லடாக் மருத்துவக் குறிப்புகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவருடைய படைப்பிரிவின் பதிவு அலுவலகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

லெட்சுமியும் லட்சுமியும் நம் பக்கத்து வீடுகளில் ஒரே ஆள்தான், கணினிக்கு அது தெரியாது. இரு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பித் திருத்தக் கேளுங்கள்.