மட்கும் மரத்தின் மேல் மேட்டுப்பாத்தி: கேள்வி பதில்

கேள்வி (செங்கோட்டை): பட்ட மரக்கட்டைகளை அடியில் இட்டு மேட்டுப்பாத்தி அமைப்பது எப்படி, ஐயா?

பதில்: ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற குளிர்நாடுகளில் வழங்கிவரும் முறை இது. ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, பாதி மட்கிய பருத்த கட்டைகளை நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் சுள்ளிகளைச் செருகி, அதன்மேல் சருகு, சீமைக்கொன்றைத் தழை, சாணம் ஆகியவற்றைப் பரப்பி, ஒதுக்கிய மண்ணால் அரை அடிக்குக் குறையாமல் மூட வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் நன்றாக நனைத்த பிறகே அடுத்ததை இடுங்கள். காய்ந்த கட்டை மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும்; ஊறிய கட்டையோ கோடையில் அந்த ஈரத்தை வேர்களுக்கு விட்டுக்கொடுக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே பாத்தியை முடித்துவிடுவது நல்லது.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): தோப்பில் விழுந்து கிடக்கும் தென்னைத் தடிகளை இதற்குப் பயன்படுத்தலாமா?

பதில்: தோப்புக்குள் வேண்டவே வேண்டாம். குளிர்நாட்டு முறையை இங்கே அப்படியே பின்பற்றக் கூடாது என்பதற்கு இதுவே முதற்காரணம். மட்கும் தென்னைத் தடியிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. பாத்தியைக் கிளறும்போது பழுப்புத் தலையும் பருத்த வெள்ளுடலுமாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் தென்பட்டால், அவற்றைப் பொறுக்கி அழித்துவிடுங்கள். வளர்ந்த வண்டு குருத்தைக் குடைந்துவிட்டால், பின்னர் விரியும் ஓலை கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் முக்கோண வெட்டுகளுடன் வரும். மெட்டாரைசியம் என்னும் பூஞ்சையை எருவில் கலந்து இட்டால் புழுக்கள் நோயுற்று மடியும். பாத்திக்கு மா, கல்யாண முருங்கைக் கிளைகளே போதும்.

கேள்வி (களியக்காவிளை): புதிய பாத்தியில் வெண்டை மஞ்சளித்துக் குன்றிவிட்டது. ஏன்?

பதில்: கட்டையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால் செடிக்குத் தட்டுப்பாடு வருகிறது. இப்போதைக்குக் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள். புதிய பாத்தியில் முதற்பயிராகத் தட்டைப்பயறு விதைப்பதையே நான் விரும்புவேன்.

கேள்வி (கூடலூர்): கரையான் வராதா?

பதில்: வரும். ஆகவே வீட்டுச் சுவரையும் மரத்தூண்களையும் ஒட்டிப் பாத்தி அமைக்காதீர்கள். வண்ணம் பூசிய பலகை, மருந்தூட்டிய மரம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (செங்கோட்டை): பாத்தி எத்தனை காலம் நிற்கும்?

பதில்: நம் வெப்பத்தில் மரம் விரைவாக மட்குவதால், குளிர்நாடுகளில் நிற்கும் அளவுக்கு இங்கே நிற்காது. மேடு ஆண்டுதோறும் தாழும். மழைக்கு முன் தழையும் மண்ணும் இட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.