மில்லு உமிக்கரிய மண்ணுல போடலாமா? கேளுங்க, சொல்றேன்

இங்க பர்மாவுல நெல்லு மில்லுல, உமிலேர்ந்து வர்ற கேஸ்ல ஓடுற எஞ்சினோட பல வருசம் மல்லுக்கட்டுனவன் நான். அங்க மிஞ்சுற கரியத்தான் இப்ப என் தோட்டத்துல போடுறேன், சந்தேகம் இருந்தா கேளுங்க.

பெகுலேர்ந்து: அண்ணே, எங்க மில்லுல உமில கரண்ட் எடுக்குறாங்க, பின்னாடி கருப்பா குவிஞ்சு கெடக்கு, சும்மா அள்ளிக்கங்கறாங்க. இது உரமா?

உரம் இல்ல தம்பி. இது சோறு இல்ல, சோத்துப்பானை. 100 கிலோ நெல்லு அரைச்சா சுமாரா 20 கிலோ உமி வரும், அத காத்து கம்மியா விட்டு எரிச்சா கெளம்புற கேஸு எஞ்சினுக்கு போயிடும், கரி தங்கிடும். அந்தக் கரி பூரா பொடி ஓட்டை, தண்ணியும் சத்தும் அதுல பிடிச்சு நிக்கும், சாணி மாதிரி சீக்கிரம் மக்காது. ஆனா கலர பாத்து அள்ளுங்க, வெள்ளையா இருந்தா அது பாய்லர்ல முழுசா எரிஞ்ச சாம்பல், பெரும்பாலும் சிலிக்காதான், அதாவது மணல்ல இருக்குற பொருள்.

தட்டோன்லேர்ந்து: கத்திரிக்கு நேரா கொட்டுனேண்ணே, எல மஞ்சளாயிடுச்சு.

ஆகும். நானும் மொதல்ல இப்படித்தான் கெடுத்தேன். வெறும் பானைய வச்சா அது மண்ணுல இருக்குற தழைச்சத்த இழுத்து தன் வயித்த ரொப்பிக்கும், செடிக்கு என்ன மிஞ்சும்? அதனால கரியோட மக்குன சாணி சரிபாதி கலந்து, மாட்டு மூத்திரம் தெளிச்சு, நெழல்ல ரெண்டு மூணு வாரம் ஈரமா மூடி வைங்க, நடுவுல ஒருக்கா பொரட்டி விடுங்க, அப்புறமா பத்துக்குப் பத்தடி பாத்திக்கு கரிக்கணக்குல 10 கிலோ போதும். இப்ப மஞ்சளானதுக்கு கொஞ்சம் யூரியா விடுங்க, தேறிடும்.

மாந்தலே பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா: எங்க மண்ணுக்கு ஆகுமா?

உமிக்கரி காரம்க்கா. தட்டோன், மோல்மேன் பக்கத்து புளிச்ச செம்மண்ணுக்கு அது நல்லது. உங்க வறண்ட பக்கத்துல பல எடம் ஏற்கனவே காரம், பிஎச், அதாவது மண்ணு புளிப்பா காரமாங்கற அளவு, பாக்காம போடாதீங்க.

துவாண்டேலேர்ந்து: எஞ்சினுக்கு விடுறதுக்கு முன்னாடி கேஸ கழுவுன கருப்புத் தண்ணிய வாய்க்கால்ல விடலாமா?

வேண்டவே வேண்டாம். அதுல தாரும் பீனால்ங்கற விஷமும் இருக்கு, மீனு செத்து மெதக்கும். கரியிலயே தார் வாடை அடிச்சாலும் தொடாதீங்க.

அதே ஆளு: நாத்துத் தட்டுக்கு?

பிரமாதம். மண்ணு, தொழு உரத்தோட கால்பங்கு.

பெகு தம்பி மறுபடியும்: நாளைக்கே அள்ளப் போறேண்ணே!

தண்ணி தெளிச்சு அள்ளு, மூக்குல துணி கட்டு, சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது. குவியல நடுவுல குச்சி விட்டும் பாரு, மேல ஆறிருக்கும் உள்ள கனகனன்னு இருக்கும். நான் பாக்காம சாக்குல கட்டி சைக்கிள்ல வச்சேன், பாதி வழியில சீட்டு புகையுது.