பயிற்சிப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள், ராஜினாமா செய்யலாமா?

கேள்வி: கைவிட்டுப் போகவிருந்த ஒரு பெரிய ஆர்டரை என் குழுதான் இராப்பகலாக உழைத்து முடித்தது. முடிந்த கையோடு என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டு, என் வேலைமுறையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்த சக மேலாளரை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி கீத் பார்க்குக்கும் இப்படித்தான் நடந்ததாமே? நான் ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. 1940 கோடையில் ஜெர்மன் விமானத் தாக்குதலிலிருந்து லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காத்த 11-ஆம் குரூப் என்ற போர்விமானப் பிரிவு பார்க்கின் பொறுப்பில் இருந்தது. ரேடார் தகவல் வந்ததும் கையிலிருந்த ஒன்றிரண்டு ஸ்குவாட்ரன்களை (சிறு விமான அணிகளை) உடனே மேலே அனுப்பி, குண்டு விழும் முன்பே எதிரியைக் கலைப்பது அவர் முறை. பக்கத்துப் பிரிவான 12-ஆம் குரூப்பின் தளபதி லீ-மலோரி, பல ஸ்குவாட்ரன்களை ஒன்றுசேர்த்துப் பெரும்படையாக அடிக்க வேண்டும் என்றார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அத்தனை விமானங்கள் அணிசேர்வதற்குள் எதிரி வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பான்.

செப்டம்பர் 15 அன்று சர்ச்சிலே பார்க்கின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து சண்டையின் போக்கைப் பார்த்தார். இருந்தும் அக்டோபர் 17-இல் விமானத்துறை அமைச்சகத்தில் நடந்த கூட்டத்தில் பார்க் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போல ஆனார். லீ-மலோரி தன் பக்கம் பேச டக்ளஸ் பேடர் என்ற புகழ்பெற்ற விமானியை அழைத்து வந்திருந்தார். 11-ஆம் குரூப்பிலிருந்து அப்படி ஒரு ஸ்குவாட்ரன் தலைவரும் அங்கே இல்லை. பார்க்கின் மேலதிகாரி டவ்டிங்கோ இருவரின் சண்டையையும் முன்பே தீர்த்துவைக்காமல் விட்டிருந்தார். அவர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், இது அவர் தவறுதான். நவம்பரில் அவர் பதவியும் போனது. அடுத்த மாதம் பார்க் பயிற்சிப் பிரிவுக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர், வேறு யார், லீ-மலோரிதான்.

பார்க் இதை எப்படித் தாங்கினார் என்றால், முழுதாகத் தாங்கவில்லை. அந்தக் கசப்பு கடைசிவரை அவரை விடவில்லை. ஆனால் வேலையை விடவில்லை. 1942 ஜூலையில் மால்டா தீவின் பாதுகாப்பு அவர் கைக்கு வந்தது. அங்கேயும் தன் முறையைத்தான் கையாண்டார்: ஸ்பிட்ஃபயர் போர்விமானங்களைக் கடலுக்கு மேலேயே முன்னேறிப் போய் மோதச் சொன்னார். தீவின்மீது விழும் குண்டுகள் விரைவிலேயே குறைந்தன. 1944-இல் தென்கிழக்கு ஆசிய விமானப் பொறுப்பை ஏற்கப் புறப்பட்ட லீ-மலோரி வழியில் விமான விபத்தில் இறந்துபோக, 1945 பிப்ரவரியில் அந்தப் பதவியும் பார்க்குக்கே வந்தது. இதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், வெறும் தற்செயல்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். குறை சொன்ன மேலாளர் கூட்டங்களில் பேசியபோது உங்கள் பக்கம் யார் பேசினார்கள்? ஒருவரும் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அந்த ஆர்டரை எப்படி முடித்தீர்கள், எவ்வளவு நாள் மிச்சமானது என்று ஒரே பக்கத்தில் எழுதி, உங்களை மாற்றிய அதிகாரிக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் அனுப்புங்கள். புகாராக எழுத வேண்டாம், கணக்காக எழுதுங்கள். அப்புறம், களப் பொறுப்புக்கு எப்போது திரும்பலாம் என்று நேரடியாகக் கேளுங்கள்.

பார்க்குக்குப் போர் நடுவே வேறு கம்பெனி பார்க்கும் வசதி இல்லை, உங்களுக்கு உண்டு. மழுப்பலான பதில் வந்தால் வெளியே வேலை தேடத் தொடங்குங்கள். புது வேலைக்கான நியமன ஆர்டர் கையில் வந்தபின் ராஜினாமா கடிதம் கொடுத்தால் போதும்.