முதலில் தண்ணீரைப் பாருங்கள்: காணாமற்போகும் பிள்ளைகள் குறித்துப் பெற்றோர் கேட்டவை

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானை (குடியிருப்பை) ஒட்டிய செம்பனைத் தோட்டத்துக்குள் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஒன்றரை மணி நேரம் காணாமற்போய், காயமின்றிக் கிடைத்தான். அதன்பின் பெற்றோர் பலர் கேள்விகளை எழுதி ஆலய மண்டபத்துப் பெட்டியில் போட்டார்கள். தோட்ட மருந்தகத்தில் 31 ஆண்டுகள் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன் என்பதால் பதில் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு ஞாயிறுகளில் வந்தவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, பிள்ளை வீட்டில் இல்லை என்று தெரிந்தவுடன் முதலில் எங்கே தேட வேண்டும்? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

பதில்: தண்ணீரில் தேட வேண்டும் அம்மா. வீட்டுக்குள் இருக்கும் குளியல் தொட்டி, பின்புறத் தோம்பு (தண்ணீர்ப் பீப்பாய்), வேலிக்கு அப்பால் ஓடும் பாரிட் (வாய்க்கால்) ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆயாக் கொட்டகையிலிருந்து (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்திலிருந்து) மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று வெளியே நடந்துவிட்டது. லயத்தில் இருந்த அத்தனை பேரும் தேடினோம். கோயிலைப் பார்த்தோம், கடையைப் பார்த்தோம், பாட்டி வீட்டுக்கு ஆள் அனுப்பினோம், தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் நின்ற லாரியின் அடியில்கூடக் குனிந்து பார்த்தோம். கொட்டகைக்குப் பின்னால் இருபது அடியில் இருந்த பாரிட்டைக் கடைசியாகத்தான் பார்த்தோம். அதற்குள் அரை மணி நேரம் ஓடியிருந்தது. குழந்தையைத் தூக்கியவன் நான். அன்று எங்களில் எவரும் சோம்பி நிற்கவில்லை. பிள்ளை எங்கே இருந்தால் நல்லது என்று மனம் விரும்பியதோ, அங்கெல்லாம் கால்கள் முதலில் ஓடின. பிள்ளை எங்கே இருந்தால் உயிர் போகுமோ, அங்கே போக மனம் கூசியது. மூச்சு நின்ற நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும் என்பதால், அந்தக் கூச்சத்துக்கு நேரம் இல்லை. கடையில் இருக்கும் பிள்ளை ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் கடையில் இருப்பான்.

மூழ்கும் பிள்ளை சத்தம் போடும் என்று நம்பாதீர்கள். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணத்தில் மூச்சை இழுக்கத்தான் அதனால் முடியும், கத்த முடியாது. சில அங்குலத் தண்ணீரே ஒரு கைக்குழந்தைக்குப் போதும். தலை கனமாக இருப்பதால், வாளிக்குள் குப்புற விழுந்த குழந்தைக்குத் தானாக எழ வராது.

நம் வட்டாரத்துக்கென்று இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் சிதறிக் கிடக்கும் பழைய ஈயக்குட்டைகள், அதாவது ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய குளங்கள். ஓரத்து மணல் காலடியில் சரியும். இரண்டு எட்டு வைப்பதற்குள் ஆழம் வந்துவிடும். மற்றொன்று, செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்கள். மேலே கசடு காய்ந்து ஏடு கட்டியிருக்கும், சில இடங்களில் அதன்மேல் புல்லும் முளைத்திருக்கும். பிள்ளையின் கண்ணுக்கு அது தரையாகத் தெரியும். இவற்றில் எது உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது என்று இன்றே போய்ப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: காணாமற்போய் 24 மணி நேரம் ஆன பிறகுதான் போலீஸில் புகார் வாங்குவார்களாமே? (லாரி ஓட்டுநர்)

பதில்: அப்படி ஒரு விதி இந்த நாட்டில் இல்லை. உடனே 999க்கு அழையுங்கள். ஒருவர் நேரே நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கட்டும். 2007இல் கோலாலம்பூரில் காணாமற்போய்க் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் நினைவாக, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் காணாமற்போனால் விவரத்தை உடனே பரப்பும் நூர் எச்சரிக்கை என்ற ஏற்பாடு 2011இல் தொடங்கப்பட்டது. அதன் பொருளே தொடக்க மணி நேரங்களை வீணாக்கக் கூடாது என்பதுதான். பிள்ளையின் அண்மைப் படம், உடுத்தியிருந்த உடையின் நிறம், கடைசியாகப் பார்த்த நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: செம்பனைக்குள் பிள்ளை போய்விட்டால் எப்படித் தேடுவது? அன்று நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். (தேடிய இளைஞர்களில் ஒருவர்)

பதில்: உங்கள் ஓட்டத்தில் அன்பு இருந்தது தம்பி, ஒழுங்கு இல்லை. செம்பனை சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்பட்டது. எந்த நிரையில் நின்று பார்த்தாலும் எல்லாத் திசையும் ஒன்றுபோல் தெரியும். வெட்டுக்காரருக்கே புதுத் தோட்டத்தில் திசை தப்பும் என்றால், மூன்றடிப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

ஆளுக்கு ஒரு நிரை என்று பிரித்து, பக்கத்தில் நடப்பவர் கண்ணில் படும்படி ஒரே வரிசையில் நடக்க வேண்டும். மட்டை அடுக்கியிருக்கும் நிரையை விட்டுவிட்டு நடைபாதை நிரையில் மட்டும் போவது பெரிய தவறு. களைத்த பிள்ளை மட்டை நிழலில்தான் படுத்துத் தூங்கும். அங்கே கையை நுழைக்காமல் நீண்ட குச்சியால் மட்டையை விலக்கிப் பாருங்கள், ஏனென்றால் நாகமும் அந்த நிழலைத்தான் தேடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் முழுவதும் மௌனமாக நின்று கேளுங்கள். அன்று ஏழெட்டு மோட்டார்கள் உறுமிக்கொண்டிருந்தன. பிள்ளை அழுதிருந்தால்கூட எவர் காதிலும் விழுந்திருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறு பிள்ளை பல வேளைகளில் தன் பெயரைக் கேட்டும் பதில் தராது. அதட்டும் குரல் கேட்டால் அடி விழும் என்று ஒளிந்துகொள்ளும். ஆகையால் தாயோ பாட்டியோ, சோற்றுக்குக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட வேண்டும். தானாகத் திரும்பும் பிள்ளையை எதிர்கொள்ள, வீட்டில் கட்டாயம் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: வழி தெரியாவிட்டால் ஒரு மரத்தடியில் நின்றுவிடு, நாங்கள் உன்னிடம் வருவோம்.

கேள்வி: ஆண்பிள்ளை என்றால் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்களா? (பெயர் எழுதவில்லை)

பதில்: ஆண் என்றாலும் பெண் என்றாலும் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புல் மருந்தை (களைக்கொல்லியை) பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கலாமா? உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா? (மருந்து அடிக்கும் தொழிலாளி)

பதில்: இரண்டும் கூடாது. அரிக்கும் தன்மையுள்ள மருந்து உள்ளே போகும்போது தொண்டையைச் சுடுவதோடு, திரும்பி வரும்போது மறுபடியும் சுடும். உப்புத் தண்ணீர் அதிகமானால் அதுவே தனி நஞ்சு. வாயில் மிஞ்சியதைத் துடைத்துவிட்டு, நனைந்த சட்டையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்தின் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான வழியில் போக முடியும்; பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தில் அவர்கள் ஆலோசனை கேட்கவும் முடியும். பாராகுவாட் என்ற புல் மருந்தைக் குடித்த பிள்ளை முதல் நாள் நன்றாகவே விளையாடக்கூடும். நுரையீரல் பிறகுதான் கெடும். ஆகவே பிள்ளை தெளிவாக இருக்கிறது என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாராகுவாட் இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் வீட்டுப் பின்கொட்டகையில் பழைய மிச்சம் இருந்தால், தடை வந்தது அந்தப் போத்தலுக்குத் தெரியாது.

நான் 31 ஆண்டுகளாகக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருப்பது இது: மருந்தை ஒருபோதும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானவை நஞ்சைக் குடிக்க நினைத்துக் குடித்தவை அல்ல; ஆரஞ்சுத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்தவை.

கேள்வி: மண்ணெண்ணெய் குடித்தால்? (ஒரு பாட்டி)

பதில்: அதற்கும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது அம்மா. மண்ணெண்ணெய் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் பகை. வாந்தியோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். இருமல் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சோடாப் போத்தல் எச்சரிக்கை இதற்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினால் தண்ணீர் வெளியே வந்துவிடும். எங்கள் காலத்தில் அப்படித்தான் காப்பாற்றினோம். இதை ஏன் எவரும் இப்போது சொல்வதில்லை? (ஓய்வு பெற்ற மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி)

பதில்: ஐயா, உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை கொடுத்துச் சொல்கிறேன்: அதைச் செய்யக் கூடாது. அப்போது கொட்டுவது வயிற்றுத் தண்ணீர். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம்தான். அதை வெளியே கொட்டிவிட்டுத்தான் மூச்சு ஊத வேண்டும் என்பது இல்லை. தலைகீழாக உலுக்கும்போது வயிற்றில் உள்ளது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். அதைவிட முக்கியமாக, நீங்கள் ஓடும் நேரம் முழுவதும் பிள்ளைக்கு மூச்சு இல்லை.

செய்ய வேண்டியது வேறு. கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றே சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து மார்பு எழும் அளவுக்கு ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுங்கள். தொடக்கத்தில் இரண்டு முறையா ஐந்து முறையா என்பது பயிற்சி தருபவருக்கு ஏற்ப மாறும். நீரில் மூழ்கிய பிள்ளைக்கு மூச்சுதான் முதலில் என்பது மாறாது. பிறகு மார்பின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் தாழும்படி 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, பிள்ளை மூச்சு விடும்வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120.

கேள்வி: டிரெஸ்ஸர் தம்பி பதிலைப் படித்தேன். என் அண்ணன் மகனைத் தோளில் போட்டு ஓடித்தான் பிழைக்க வைத்தோம். அவன் இன்று மூன்று பிள்ளைக்குத் தகப்பன். கண்ணால் கண்டதைப் பொய் என்கிறீர்களா? (அதே மண்டோர், அடுத்த ஞாயிறு)

பதில்: பொய் என்று சொல்லமாட்டேன் ஐயா. அந்தப் பிள்ளை பிழைத்தது எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் தண்ணீரிலிருந்து சீக்கிரம் எடுக்கப்பட்ட பல பிள்ளைகளுக்கு இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். சிலருக்கு மூச்சு தானாகவே திரும்பும். உங்கள் அண்ணன் மகனைப் பிழைக்க வைத்தது, நீங்கள் அவனைச் சீக்கிரம் கண்டு எடுத்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பெருமை உங்களுடையதே. தோளில் ஓடியும் பிழைக்காத பிள்ளைகளின் கதை எவர் வாயிலும் நிற்பதில்லை. அவை என் பதிவேட்டில் நின்றன.

இந்த விவாதத்தைப் பார்த்து மேலும் ஆறு சீட்டுகள் வந்தன. நான்கு மண்டோர் பக்கம், இரண்டு என் பக்கம். மருத்துவமனைத் தாதி ஒருவர், வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுக்கும் வழக்கத்தையும் சேர்த்துக் கண்டிக்கும்படி எழுதியிருந்தார். அதுவும் அதே காரணத்தால் கூடாது. மற்றவர்களுக்கு என் வேண்டுகோள்: சீட்டு எழுதும் நேரத்தில் ஒருமுறை செம்பிறைச் சங்கப் பயிற்சிக்கோ செயின்ட் ஜான் பயிற்சிக்கோ போய், பொம்மையின் மார்பை உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள். மண்டோர் ஐயாவையும் நானே அழைத்துப் போகிறேன்.

கேள்வி: வெளியூரில் காணாமற்போனால் அந்த ஊரில்தான் 24 மணி நேரம்... (தாமான்வாசி)

பதில்: காத்திருக்காதீர்கள். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: ரம்புத்தான் கொட்டை தொண்டையில் சிக்கினால்? (ஆயா)

பதில்: பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை, முகம் நீலமாகிறது என்றால், குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கைகளைக் கட்டி உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுக்க வேண்டும். மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கொட்டையை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். பிள்ளை மயங்கிவிட்டால், 999க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, மேலே சொன்ன மார்பழுத்தத்தைத் தொடங்குங்கள்.

கேள்வி: காய்ச்சலில் வலிப்பு வரும் பிள்ளைக்கு எந்த மருந்து வீட்டில் வைக்கலாம்?

பதில்: அதை அரசாங்க கிளினிக் மருத்துவரிடம் கேளுங்கள்; பிள்ளையைப் பார்க்காமல் மருந்துப் பெயர் எழுதமாட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். ஆறு வயது. கதவு திறந்தால் போய்விடுகிறான். நான்கு முறை போய்விட்டான். ஊரார் என்னைத்தான் ஏசுகிறார்கள். (ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்களை ஏசுபவர்கள் ஒருநாள் உங்கள் வீட்டில் இருந்து பார்க்கட்டும். இத்தகைய பிள்ளைகள் பலர் வெளியேறிச் செல்வது வளர்ப்பின் குறையால் அன்று. தங்களை இழுக்கும் ஒன்றை நோக்கிப் போகிறார்கள், அல்லது தாங்க முடியாத சத்தத்திலிருந்து விலகிப் போகிறார்கள். அவர்களை மிகவும் இழுப்பது தண்ணீர். ஆகவே முதலில் தண்ணீர் என்பது உங்களுக்கு இரு மடங்கு பொருந்தும். கதவின் உச்சியில், அவன் கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் மணியும் போடுங்கள். தீ விபத்தில் பெரியவர்கள் உடனே திறக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். அவன் படத்தையும், அவனை எப்படி அணுக வேண்டும் என்பதையும் அக்கம்பக்கத்துப் பத்து வீடுகளுக்கும் போலீஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். கைச்சங்கிலியில் தொலைபேசி எண்ணைப் பொறித்துக் கட்டுங்கள். சமூகநல இலாகாவில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிந்திருக்காவிட்டால் பதியுங்கள். நீச்சல் கற்றுக்கொடுக்க முடிந்தால் கற்றுக்கொடுங்கள். ஆனால் நீச்சல் தெரியும் என்று கண்ணை எடுத்துவிடாதீர்கள். வேலிக்குத் தேவையான கம்பியை ஆலய இளைஞர்கள் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: சென்ற மாதம் கிடைத்தவன் என் மகன்தான். நான் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது இரவில் எழுந்து எழுந்து அவன் மூச்சைத் தொட்டுப் பார்க்கிறேன். அவனும் என் சேலையை விடுவதில்லை.

பதில்: தங்கச்சி, நீங்கள் பேசியது நான்கு நிமிடம் என்று உங்கள் கணவர் சொன்னார். நான்கு நிமிடம் கண் எடுக்காத தாய் இந்தத் தாமானில் இல்லை. நான் வளர்த்த பிள்ளைகளும் என் கண்ணிலிருந்து தப்பியிருக்கிறார்கள். அவனை அடிக்காமல் வாரி எடுத்தீர்களே, அதனால்தான் அவன் இனியும் கூப்பிட்டால் வருவான். "இனிமேல் போவாயா" என்று வருவோர் போவோர் எல்லாம் கேட்பதை நிறுத்துங்கள். தூக்கமின்மை இன்னும் சில வாரம் நீடித்தால் கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் வீட்டுக்கு வருகிறேன். அவனே நமக்கு வழிகாட்டட்டும். பின்வேலி எங்கே திறந்திருந்தது, பாரிட்டை எங்கே தாண்டினான், எந்த மரத்தடியில் உட்கார்ந்தான் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்ப்போம். அளவு நாடாவைக் கொண்டுவருகிறேன். பாரிட்டின் அந்த இடத்துக்குப் பலகை எத்தனை அடி வேண்டும் என்று அன்றே அளந்துவிடலாம்.