எடையைக் கட்டியது யார்?

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் 1961-இல் எழுதிய 'ஹாரிசன் பெர்ஜரான்' கதையைச் சமீபத்தில் படித்தேன். எல்லாரையும் சமமாக்குகிறேன் என்று அரசு திறமைசாலிகளை முடக்குகிறது. நம் இடஒதுக்கீடும் அதே வழிதானே? சமத்துவம் சர்வாதிகாரத்தில்தான் முடியும் என்று இந்த டிஸ்டோபியா (கொடுமையான எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் கதை) எழுத்தாளர்கள் எல்லாருமே எச்சரித்துவிட்டார்களே?
– வாசகர், பெல்லந்தூர், பெங்களூரு

பதில்: கதை சரி. எழுதியவரைக் கேட்காமல் உங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டீர்களே, அதுதான் இடிக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே சிலர் இதைச் செய்து பார்த்தார்கள். 2005-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பள்ளி நிதி பற்றி ஒரு வழக்கு. வசதியான வட்டாரத்துக்காக வாதாடிய வக்கீல்கள் இந்தக் கதையைத்தான் மேற்கோள் காட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் வானகட்டிடம் கேட்டபோது, கதை அறிவையும் திறமையையும் பற்றியது, பணம் இருப்பது அந்த இரண்டுக்குமே அத்தாட்சி ஆகாது என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டார்.

கதையையே இன்னொரு முறை பாருங்கள். வருஷம் 2081. பலசாலியும் புத்திசாலியுமான ஜார்ஜின் கழுத்தில் 47 பவுண்டு ஈயக்குண்டுப் பை, அதாவது நம் கணக்கில் 21 கிலோ. காதில் ஒரு ரேடியோ. ஒரு யோசனை முழுசாக உருவாவதற்குள் அதிலிருந்து காதைக் கிழிக்கும் சத்தம் வரும். டிவியில் ஆடும் பெண்களின் உடம்பிலும் எடை, அழகு தெரியாதபடி முகத்தில் முகமூடி. ஜார்ஜின் மகன் ஹாரிசன், பதினாலு வயசுப் பையன், இதையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு ஆடுகிறான். இந்த எடைகளைக் கட்டவைக்கும் அரசு அதிகாரி டயானா மூன் கிளாம்பர்ஸ் துப்பாக்கியோடு வருகிறார், இரண்டே குண்டு, கதை முடிந்தது. அந்த அம்மாள் கழுத்தில் பை எதுவும் தொங்கியதாகக் கதையில் இல்லை. நீங்கள் எடையை எண்ணினீர்கள், துப்பாக்கியை விட்டுவிட்டீர்கள்.

மற்றவர்கள் கதையும் இதேதான். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் சமத்துவம் எங்கே இருக்கிறது? ஆளும் கட்சியின் மேல்வட்டமான 'உள்கட்சி' ஆள் ஓ'பிரையன் வீட்டில் வேலைக்காரர் உண்டு, ஒயின் உண்டு, வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கும் டெலிஸ்கிரீனை அணைத்துவைக்கும் சலுகையும் உண்டு. ரஷ்ய எழுத்தாளர் ஜமியாதினின் 'நாங்கள்' நாவலில் மக்களுக்குப் பெயருக்குப் பதில் எண், கண்ணாடி வீடு, ஒரு வாய்க்கு ஐம்பது முறை மெல்ல வேண்டும் என்றுகூடச் சட்டம். எல்லாருக்கும் மேலே ஒரே ஒரு 'புரவலர்'. ஜமியாதின் ஒருகாலத்தில் போல்ஷெவிக், அதாவது லெனினின் கட்சிக்காரர். ஆர்வெல்லோ தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டவர். சமத்துவத்தைப் பார்த்து நடுங்கியவர்கள் மாதிரியா தெரிகிறது?

உங்கள் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்லவில்லை. 1975-இல் கம்போடியாவில் ஆட்சியைப் பிடித்த போல் பாட்டின் ஆட்கள் தலைநகர் புனோம் பென்னையே காலி செய்தார்கள். பணத்தை ஒழித்தார்கள், எல்லாருக்கும் கறுப்பு உடை, பொதுச் சாப்பாடு என்றார்கள். செத்தவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் மேல். அந்த 'சமம்' யாருடைய உத்தரவில் வந்தது, அந்த உத்தரவை எதிர்த்துக் கேட்க ஒரு கோர்ட்டாவது இருந்ததா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1918-இலேயே மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், அரசு வேலையில் பிராமணரல்லாதாருக்கு இடம் தருவது பற்றி ஆராய மில்லர் குழுவை அமைத்தார். நிர்வாகத்தின் தரம் கெட்டுவிடும் என்று கவலைப்பட்ட திவான் விசுவேசுவரய்யாவுக்கு அதில் உடன்பாடில்லை. ஆக, உங்கள் கேள்விக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. இடஒதுக்கீடு எந்தப் பையன் கழுத்திலும் ஈயக்குண்டு கட்டவில்லை; படியே ஏற விடாமல் நிறுத்தி வைத்திருந்தவனுக்கு வழி விடுகிறது. பிற்படுத்தப்பட்டவர்களில் வசதியானவர்களை விலக்கும் கிரீமி லேயர் கோட்டை எந்த இடத்தில் வரைவது என்று சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். அதற்கு வானகட்டைத் துணைக்கு இழுக்காதீர்கள்.

கண்காணிப்புதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் பெல்லந்தூர்ப் பக்கத்து அடுக்ககங்களையே பாருங்களேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மா உள்ளே நுழைந்த நேரம், வெளியேறிய நேரம் எல்லாம் ஒரு ஆப்பில் பதிவாகிறது. போகும்போது செக்யூரிட்டியிடம் பையைத் திறந்து காட்ட வேண்டும். சில இடங்களில் அவருக்கு லிஃப்ட்கூட வேறு. இதை எந்த அரசும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை, சமத்துவத்தின் பெயரிலும் நடக்கவில்லை. உங்கள் அடுக்ககத்தில் எப்படி என்று அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.